பெரிய மெடத்தின் மூன்று வீடுகள்

வீடு பார்க்க வந்த சிங்கள நோனா முதலில் போய் நின்றது குசினியில்தான். கூரையையும் சுவரையும் அவருடைய வீட்டுக்கார மாத்தயா பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டி, மழைக்கு ஈரம் எதுவரைக்கும் ஏறும் என்று, அவர்களைக் கூட்டிவந்த என் மகனுடைய கூட்டாளியிடம் விசாரித்தார். நோனா அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று, ஜன்னல் வழியாகப் பின்பக்கத்து ஜம்பு மரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி நல்ல சந்தோசமாகச் சிங்களத்தில், "சித்திரை அவுருதுக்கு முந்தியே வந்து இந்த அடுப்புல பால் பொங்கவைக்க வேணும், அம்மே. அதுக்குள்ள நீங்க போயிருவீங்கதானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவிலிருந்து பஸ்சில் வந்திருந்தார்கள், நல்ல மனிதர்கள்தான். போகும்போது நோனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன, இனி உலகம் சுத்தலாம்" என்றார்.

உலகம் நான் சுற்றியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு சட்டென்று வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்த காலத்திலும் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழும்ப மாட்டேன். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் பேசினார். அவர் போனபிறகு பிள்ளைகள் பேசுகிறார்கள். மகன் இத்தாலியில் இருக்கிறான், மகள் டுபாயில். போன மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் கனநேரம் கிடந்தேன். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஈரச் சீலையோடு கிடக்கும்போது ஆள் வந்து பார்த்தால் வெட்கம் என்று கூப்பிடவில்லை. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பிள்ளைகள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மூன்று மாதம் மகனிடம், மூன்று மாதம் மகளிடம். மாத்தளை வீட்டை விற்றுவிடுவது. "ரெண்டு வீடும் உங்க வீடுதானம்மா" என்று மகன் போனில் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அந்தப் பேச்சை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அது எனக்குச் சொன்ன பேச்சு இல்லை, பெரிய மெடத்துக்கு அவருடைய பிள்ளைகள் சொன்னது. வீடு பார்க்க வந்தவர்கள் போனபிறகு, கழுவின கோப்பைகளை மறுபடியும் கழுவிக்கொண்டு அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மெடம் லெபனான்காரர். பிள்ளைகள் சின்னதாக இருந்த நேரம், வீட்டுக்காரருக்கு முதுகு விழுந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, நான் ஏஜென்சி மூலமாக பேரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். போவதற்கு முந்திய வாரம், அப்போது நாங்கள் இருந்த லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்களோடு வஹகோட்டைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிற ஆள்கள்தான். ஆனாலும் வெளிநாடு போகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்விட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கம். பேரூத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, கையில் குழந்தையோடு ஷெல்ஃபில் நின்ற அந்தோனியார்தான். பாஷை தெரியாத வீட்டில் தெரிந்த ஆள் ஒருத்தராவது இருக்கிறாரே என்று எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நான் கும்பிட்டதைப் பார்த்துப் பெரிய மெடத்துக்கும் என்மேல் ஒரு இது வந்துவிட்டது. சந்தோசமாக இருந்தால் என்னை "பிந்தி" என்பார், என் மகளே என்று அர்த்தம். கோபம் வந்தால் "சிரிலங்கா!" என்று நாட்டையே கூப்பிடுவார்.

அவர் சத்தக்காரர். அந்த வீடு நாலாம் மாடியில் இருந்தது. மரக்கறி வண்டி கீழே வந்து நின்றால் பல்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார். தக்காளி சரியில்லையென்றால் கூடையை அப்படியே திருப்பி இறக்கிவிட்டு, அங்கிருந்தே அந்த மனிதனுடைய குடும்பத்தை விசாரிப்பார். கீழே இருந்து அவனும் விட மாட்டான். "நீங்க சாகும்வரைக்கும் என் தக்காளியத்தான் திங்கப்போறீங்க, மெடம்!" என்பான். "அப்படின்னா என்னைக் கொல்லப்போறது உன் தக்காளிதான்!" என்பார். ரோட்டே சிரிக்கும். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் மேசையிலிருந்து குசினிக்குக் கேட்கிற சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். முதலில் நான் உப்புப் போத்தலோடு ஓடுவேன். பிறகுதான் விளங்கியது, அது கோபம் இல்லை, அவர் மூச்சு விடுகிற விதம். கால் வாதத்தில் இழுத்துக்கொண்டு சக்கர நாற்காலிக்கு வந்தபிறகும் அந்தச் சத்தம் குறையவில்லை. காலையில் கண் விழித்ததும் இடது பக்கம் தலையைத் திருப்புவார். அங்கே ஜன்னல் இருக்கும், இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கொஞ்சம் கடல் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பி.

அவருடைய மிஸ்டர் இறந்த வருடம் பிள்ளைகள் மூவரும் வந்தார்கள். மகள் பாரிசில், சின்ன மகன் ஆப்பிரிக்காவில் அபிஜான் என்ற ஊரில், பெரிய மகன் சிட்னியில். மூன்று பேரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்றார்கள். நாட்டு நிலைமையும் சரியில்லை, கரண்ட் இல்லை, லிஃப்ட் வேலை செய்யாது. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. "எங்க மூணு பேர் வீடும் உங்க வீடுதான்" என்றார்கள். பெரிய மெடத்துக்கு ஒரே பெருமை. வந்து போகிறவர்களிடமெல்லாம், "எனக்கு இனி மூணு வீடு. ராஜாவுக்குக்கூட இப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு விலைக்குப் போனதும் மேசை, அல்மாரி, கம்பளம் எல்லாம் சிரித்த முகத்தோடு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். அந்தோனியாரை மட்டும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போவதற்கு விசா எடுத்தார்கள். ஏர்போட்டில் சக்கர நாற்காலியை முதலில் விடுவார்கள். எங்கே போனாலும் வரிசையில் கடைசியில் நிற்கிற நான், அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனேன். அப்படித்தான் நான் உலகம் சுற்றினேன்.

பாரிசில் மகளுடைய வீட்டுக்குப் போன அடுத்த நாள் காலையில் நான் ஒரு வேலை செய்தேன். நம் ஊரில் புது வீட்டுக்குக் குடி போனால் முதலில் பால் பொங்கவைப்போம். தமிழ் ஆள்களும் செய்வோம், சிங்கள ஆள்களும் செய்வார்கள். அளவாகக் காய்ச்சி இறக்கினால் சரிவராது. பொங்கி, வழிந்து, அடுப்பில் கொட்ட வேணும். யாரும் சொல்லாமலே, நல்லதுதானே என்று செய்துவிட்டேன். அங்கே நெருப்பு அடுப்பு கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு கறுப்புத் தட்டு. பால் பொங்கி அதில் கொட்டியதும் கருகிப் புகை கிளம்பியது. மேலே கூரையில் ஒட்டியிருந்த ஒரு சாமான் காது கிழிய அலறத் தொடங்கியது. மேல்மாடிக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டுகிறார். சின்ன மெடம், அதாவது அந்த மகள், குளித்த தலையோடு ஓடிவந்து, துவாயை வீசி வீசிப் புகையை விரட்டுகிறார். "என்ன செய்தாய் நீ? வீட்டைக் கொளுத்தப் பார்த்தாயா?" எனக்குத் தெரிந்த குசினி அரபியில் சொன்னேன்: "புது வீடு. பெரிய மெடம் இருக்கப்போற வீடு. எங்க ஊர்ல பால் பொங்கினாத்தான் அந்த வீட்டுல நிலைச்சு இருப்பாங்க."

சின்ன மெடத்தின் கோபம் அதோடு போய்விட்டது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "அம்மா இங்கே குளிர் முடியும்வரைக்கும்தான். அதுக்குப் பிறகு தம்பி வீடு. பிறகு அண்ணன் வீடு. பிறகு இங்கே. உனக்கு யாரும் சொல்லலையா?" எனக்கு மட்டும் இல்லை, பெரிய மெடத்துக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் குசினி வாசலில் நாற்காலியில் இருந்தார், மூக்கில் லேஞ்சித் துணியைப் பிடித்துக்கொண்டு. அலறிய சாமானும் அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது. எல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். அவர் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் தட்டைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். அடுத்த நாள் முகம் துடைத்துவிடும்போது அவரே கேட்டார், "பால் நல்லாப் பொங்குச்சா?" "பொங்குச்சு, மெடம்" என்றேன். "கொஞ்சம் கூடப் பொங்கிருச்சு, பிந்தி" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்காக நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வீட்டையும் மாறி மாறிப் பார்த்தோம். ஊருக்கு வந்தபோது ஆள்கள் பாரிஸ் எப்படி என்று கேட்பார்கள். நான் பார்த்த பாரிஸ் ஒரு மருந்துக் கடை, ஒரு பூங்கா, ஒரு லிஃப்ட். கோபுரத்தைக் காருக்குள் இருந்து ஒருமுறை பார்த்தேன், மழையில் பாதிதான் தெரிந்தது. அபிஜான் எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊர் வில்கமுவப் பக்கத்து வெயில் மாதிரி அடிக்கும். முற்றத்தில் மாமரம். அந்த வீட்டுச் சமையல்காரர் மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, ரவை மாதிரி அவித்துத் தருவார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஆனால் நான் தேங்காய்ப் பால் விட்டு மரவள்ளி அவித்துக் காட்டினபோது, தலையில் கையை வைத்துக்கொண்டு ஆச்சரியப்பட்டார். சிட்னியில் பெரிய மருமகள் நல்ல குணம், பருத்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் வேலை பெரிய மெடத்தின் கட்டிலைத் திருப்பிப் போடுவது. கண் விழித்ததும் அவர் இடது பக்கம் பார்ப்பார். அங்கே சுவர் இருந்தால் கொஞ்ச நேரம், தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் பயந்துவிடுவார். சிட்னியில் அப்படிப் போட்டதில் கட்டில் கதவை இடித்துக்கொண்டு நின்றது, கதவு பாதிதான் திறக்கும். அந்த மருமகள் பக்கவாட்டில் நுழைந்து, நடுவில் மாட்டிக்கொண்டு, "மாமி, உங்களப் பாக்க வரணும்னா நான் முதல்ல மெலியணும் போல இருக்கு!" என்பார். ஆனால் கட்டிலை மாற்றச் சொல்லவே இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மருந்து, உடுப்பு, டாக்டர் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் பெரிய மெடத்தின் சத்தம் போய்விட்டது. அது எந்த ஊரில் வைத்துப் போனது என்று எனக்குத் தெரியாது, ஒரேயடியாகப் போகவும் இல்லை. பிரசருக்காக உப்புக் குறைத்துச் சமைத்ததை மகள் பரிமாறுவார். பெரிய மெடம் வாயில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு, கண்ணே" என்பார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அவருடைய பிடரியைப் பார்த்தாலே விளங்கும். பேரூத்தில் என்றால் அந்தத் தட்டு பறந்திருக்கும். பிறகு அறைக்கு வந்ததும் என் காதில், "கொஞ்சம் உப்புக் கொண்டு வா. அவ பாக்காம" என்பார். இவ்வளவு காலமும் நான்தான் மற்றவர்கள் வீட்டில் சத்தம் இல்லாமல் நடந்தவள். அவர் என் மாதிரி ஆகிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்குச் சரியாக இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லக்கூட என்னை அனுப்புவார். நானா போய்க் கேட்பேன்? நானும் கேட்க மாட்டேன். இரண்டு பேரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

பெட்டியையும் அவர் முழுக்கத் திறக்கவிட மாட்டார். அல்மாரி நிறைய இடம் இருந்தாலும் உடுப்பு பெட்டியிலேயே இருக்கும். இரண்டாவது தடவை அபிஜான் போனபோது, ஒரு பகல் பொழுதில், முற்றத்து மாமரத்தடியில் நாற்காலியை நிறுத்தி அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "இந்த வீட்டுல நீ பால் பொங்கவைக்கலையே" என்றார். "இங்கயும் அலாரம் அடிக்கும், மெடம்" என்றேன். "பொய். இங்க அலாரமே கிடையாது. நீ என் பிள்ளைகளுக்குப் பயப்படுற. பயப்படாத, அவங்க நல்லவங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார்: "மூணு பேரும் கூப்பிட்டது உண்மைதான், பிந்தி. நான் செஞ்ச பிழை வேற. போறதுக்குச் சம்மதிச்சது பிழை இல்ல. திரும்பிப் போக ஒரு இடத்த வச்சுக்கிட்டுப் போயிருக்கணும். இப்ப எனக்குக் கோபம் வந்தா எங்க போறது? கோபம் வராமப் பாத்துக்கிறேன்." நான் அடுத்த நகத்தை வெட்டினேன். அந்த நேரம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். 

என் மகளுடைய கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவள் பிறகு போகவில்லை. எனக்கும் முழங்கால் தேய்ந்திருந்தது, நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியவில்லை. என் இடத்துக்கு பிலிப்பீன் பிள்ளை ஒருத்தியை எடுத்தார்கள். பாரிசில் புறப்படுகிற அன்று அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கட்டில் எந்தப் பக்கம் இருக்க வேணும் என்று காட்டிக் கொடுத்தேன். பெரிய மெடம் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "உன் வீட்டுல உன்னைச் சத்தம் போட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்ல, மெடம்" என்றேன். "அப்ப நீ போடு" என்றார்.

சில வருடங்களுக்குப் பிறகு சின்ன மெடம் போன் எடுத்து, அம்மா சிட்னியில் இறந்துவிட்டார் என்று சொன்னார். அடக்கம் செய்ய பேரூத்துக்குத்தான் கொண்டு போனார்களாம், மிஸ்டருக்குப் பக்கத்தில். எப்படி இருந்தது, எல்லோரும் வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்கள் என்றார். பிறகு சொன்னார், "நாங்க மூணு பேரும் ஹோட்டல்லதான் நின்னோம். எங்க பழைய ரோட்டாலதான் வண்டி போச்சு. அந்தப் பல்கனியில யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தாங்க."   

நாலந்தா நோனாவும் மாத்தயாவும் வந்துபோன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், மகன் வாட்ஸ்அப்பில் எடுத்தான். நான் பின்பக்கம் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அவங்களுக்கு வீடு நல்லாப் பிடிச்சிருச்சாம். இன்னைக்கே பதில் கேக்குறாங்க. சரின்னு சொல்லிரவா?"

நான் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? பிரான்ஸ், ஆப்பிரிக்கா எல்லாம் சுத்துன ஆளு நீங்க, இத்தாலிக்கு வரப் பயமா?"

"வரேன். வரமாட்டேன்னு யாரு சொன்னா? பேத்தியப் பாக்கணும். மகள்ட்டயும் போவேன். வீட்ட விக்க வேணாம்."

"என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க."

"வீட்ட விக்க வேணாம்னு சொன்னேன்."

"ஐயோ அம்மா, சும்மா பூட்டி வச்சா கறையான்தான் திங்கும். எதுக்கும்மா அது?"

"நான் திரும்பி வர்றதுக்கு."

 அவன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். "திரும்பி வந்து, மறுபடி விழுந்தீங்கன்னா? கூப்பிடக்கூட மாட்டீங்க. உங்க சத்தம் பக்கத்துல நின்னாக்கூட எனக்கே கேக்காது. வெளிய யாருக்கும்மா கேக்கப்போகுது?"

 கையில் ஈரச் சீலை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் சத்தமாக, "இப்பக் கேக்குதா?" என்றேன்.

 மதிலுக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சர் விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தார். "கேக்குது, கேக்குது. என்னக்கா, காலையிலயே யாரோட சண்டை?"

"சண்டை இல்ல, டீச்சர்" என்றேன், அதே சத்தத்தில். "மகன்தான். வீடு விக்கிறது இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."